சலுகை பத்தாம் வகுப்பில், உதவி எப்போது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கும்போது மாற்றுத்திறனாளி மாணவர்கள் எத்தனை பேர் எழுதுகிறார்கள், அவர்களுக்கு என்னென்ன சலுகைகள் என்ற செய்தி ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகிறது. சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை அந்தப் பிள்ளைகளின் உரிமை. அதில் மாற்றுக்கருத்துக்கே இடமில்லை. ஆனால் வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பல உயர்நிலைப் பள்ளிகளில் கிடைக்கும் முதல் உதவியே இந்தச் சலுகைதான். ஆறாம் வகுப்பு தொடங்கி 'சோம்பேறி', 'படிப்பு ஏறாதவன்' என்று பேர் வாங்கிய பிள்ளைக்கு, பத்தாம் வகுப்பு பாதி முடிந்த பிறகு சான்றிதழ் தேடி அலைகிறார்கள். இந்த வேலை எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். எப்படித் தொடங்கலாம் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடு அதில் ஒன்று. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாம் 17-வது பிரிவில் வருகின்றன. அதற்கு முந்தைய 16-வது பிரிவு, கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து, அதைக் கடப்பதற்கு ஏற்ற கற்பித்தல் முறைகளைக் கையாள்வது கல்வி நிறுவனத்தின் கடமை என்கிறது. 17-ஐ ஓரளவு நிறைவேற்றுகிறோம். 16-ஐ எடுத்துப் பார்ப்பதே இல்லை.

கண்டறிவது என்றதும் பெரிய மருத்துவமனை, உளவியலாளர் என்று பள்ளிகள் மலைத்துவிடுகின்றன. சான்றிதழ் தருவதுதான் மருத்துவக் குழுவின் வேலை. சந்தேகப்படுவதற்கு வகுப்பாசிரியரே போதும். ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் பிள்ளைக்குப் பழக்கமில்லாத ஒரு பத்தி, சுமார் 100 சொற்கள், எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளையைத் தனியாக அழைத்து வாசிக்கச் சொல்லி, முதல் ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த சொற்களை எண்ணிக் குறித்துக்கொண்டு, முடித்ததும் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். பிறகு அதே தரத்தில் வேறொரு பத்தியை ஆசிரியர் வாசித்துக் காட்டி, அதிலும் ஐந்து கேள்விகள். தானே வாசித்ததில் ஒன்றிரண்டுக்கு மட்டும் பதில் சொல்லி, காதால் கேட்டதில் நான்கைந்துக்குச் சொல்லும் பிள்ளைக்குப் புரிதலில் குறையில்லை. எழுத்தை ஒலியாக மாற்றுவதில்தான் சிக்கல். இரண்டிலுமே தடுமாறினால் காரணம் வேறாக இருக்கலாம். காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம், அறிவுத்திறன் குறைபாடு இருக்கலாம், வீட்டில் தெலுங்கோ உருதோ இந்தியோ பேசுகிற பிள்ளைக்குப் பாடத்தமிழ் பழகாமல் இருக்கலாம். ஒரு பிள்ளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். இதற்கு முன்பு கண் பார்வையையும் செவித்திறனையும் சோதித்துவிடுவது கட்டாயம். கரும்பலகை மங்கலாகத் தெரிவதால் பார்த்து எழுத முடியாத பிள்ளையை வாசிப்புப் பயிற்சியில் உட்கார வைத்துப் பயனில்லை.

எழுத்துப் பிழைகளைப் பார்ப்பதிலும் கவனம் தேவை. ல-ள-ழ, ர-ற, ன-ண குழப்பம் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிடமும் உண்டு. அதை மட்டும் வைத்துக் கற்றல் குறைபாடு என்று முடிவு கட்டக் கூடாது. ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுவது, சொல்லின் நடுவில் எழுத்துகளை விழுங்குவது, எழுத்துகளை இடம் மாற்றுவது, புள்ளியையும் துணையெழுத்துகளையும் தொடர்ந்து தவறவிடுவது ஆகியவைதான் நம்மை நிறுத்திப் பார்க்கவைக்க வேண்டும். தமிழுக்கே உரிய சிக்கலும் ஒன்று உண்டு. 'கொ' என்று ஒலிக்கும்போது காதில் முதலில் விழுவது ககர ஒலி. ஆனால் கை முதலில் எழுத வேண்டியது ஒற்றைக்கொம்பு, பிறகு 'க', பிறகு கால். ஒலி வரும் வரிசையும் கை போகும் வரிசையும் இங்கே முரண்படுகின்றன. அதனால் 'கொடி' என்ற சொல் 'கெடி' என்றும் 'காடி' என்றும் வந்து விழுகிறது. கொம்பு வரும் எழுத்துகளை மட்டும் தனியாக எடுத்துச் சில வாரம் பழக்கினால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையின் அளவு குறைவதைக் காணலாம்.

இப்போது பள்ளிகளில் நடப்பது வேறு. இந்தப் பிள்ளைகள் 'மெல்லக் கற்போர்' என்ற பட்டியலில் மொத்தமாகச் சேர்க்கப்படுகிறார்கள். மாலைச் சிறப்பு வகுப்பில் அவர்களுக்குத் தரப்படும் மருந்து இம்போசிஷன். 'சுற்றுச்சூழல்' என்பதை 'சுற்சூழல்' என்று எழுதும் பிள்ளை பத்து முறை எழுதச் சொன்னால் பத்து முறையும் 'சுற்சூழல்' என்றே எழுதும். பிழைதான் கையில் பதியும். அடிக்கடி விடுப்பு எடுத்ததால் பின்தங்கிய பிள்ளைக்கு, விட்ட பாடத்தைத் திரும்ப நடத்தினால் போதும், பிடித்துக்கொள்ளும். 6 முதல் 9-ம் வகுப்பு வரை அடிப்படைத் திறன்களில் பின்தங்கியவர்களுக்காக 2025-ல் தொடங்கப்பட்ட 'திறன்' திட்டம் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நல்ல உதவி. கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்கு அதே பாடம் அதே வேகத்தில் இன்னொரு முறை வந்தால் போதாது. சிறு சிறு அடியாக, எழுத்தையும் ஒலியையும் நேரடியாக இணைத்து, பல மடங்கு அதிகப் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சிக்குச் சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பதைவிட வாரத்தில் நான்கு நாள் இருபது நிமிடம் சிறந்தது. குழுவில் மூன்று அல்லது நான்கு பேருக்கு மேல் வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் நேற்றுப் படித்த எழுத்துகளும் சொற்களும். அடுத்த ஐந்து நிமிடம் ஒரே ஒரு புதிய எழுத்துக்கூட்டம் அல்லது சொல் அமைப்பு, அதைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதிப் பார்ப்பது. ஏழு நிமிடம் பத்தி வாசிப்பு. மீதி மூன்று நிமிடத்தில் ஆசிரியர் சொல்லச் சொல்ல மூன்று வரி எழுதுவது. பிழையாக வாசித்தால் உடனே நிறுத்திச் சரியான சொல்லைச் சொல்லி, அந்த வரியைத் திரும்ப வாசிக்கவைக்க வேண்டும். பத்தி முடிந்த பிறகு பிழைகளைப் பட்டியல் போட்டுக் காட்டுவதால் பயனில்லை.

வாசிக்கத் தரும் பத்தி எதைப் பற்றியது என்பது மிக முக்கியம். பதினான்கு வயதுப் பையனிடம் ஒன்றாம் வகுப்பு நரிக்கதையை நீட்டினால் அவன் அடுத்த நாள் வரமாட்டான். வாக்கியம் எளிதாக இருக்கட்டும், விஷயம் அவன் வயதுக்கு உரியதாக இருக்கட்டும். விளையாட்டுச் செய்தி, பேருந்து நிலைய அறிவிப்பு, பைக் விளம்பரம், ஐடிஐ சேர்க்கை நோட்டீஸ் எல்லாம் நல்ல பாடங்கள். பாடப்புத்தகத்துக்கு வரும்போது, ஒவ்வொரு பாடத்தையும் தொடங்கும் முன் ஐந்தாறு நீளமான சொற்களைப் பென்சிலால் பிரித்துக் கோடிட வேண்டும். அறிவியல் புத்தகத்தில் 'வெளியேற்றப்படுகின்றன' என்று ஒரே மூச்சில் வரும் சொல்லை 'வெளி / யேற்றப் / படு / கின்றன' என்று பிரித்துக் காட்டினால் தயங்கி நின்ற பிள்ளை வாசித்துவிடும். வரி தாவுகிற பிள்ளைக்குப் பழைய சார்ட் அட்டையில் 20 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, நடுவில் 15 செ.மீ. நீளம், 1 செ.மீ. உயரத்துக்குத் திறப்பு விட்டால் ஒரு வரி மட்டும் தெரியும். செலவே இல்லை. நிறத்தாள், நிறக்கண்ணாடி விற்பவர்களை நம்பிப் பெற்றோர் பணத்தைப் போட வேண்டாம். அவற்றால் வாசிப்புக் குறைபாடு தீரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியர் பிள்ளையை நாள் முழுவதும் பார்க்கிறார். உயர்நிலைப் பள்ளியில் ஐந்தாறு ஆசிரியர்கள் ஆளுக்கொரு பாடவேளை பார்க்கிறார்கள். தமிழாசிரியர் 'வாசிக்கத் தெரியாது' என்பார். அறிவியல் ஆசிரியர் 'செய்முறையில் கெட்டிக்காரன், பரீட்சையில் எழுதமாட்டான்' என்பார். இரண்டும் ஒரே பிள்ளையைப் பற்றியது என்று சேர்த்துப் பார்க்க ஆளில்லை. இதற்குத் தேவைப்படுவது ஒரு பக்கத் தாள். பிள்ளை எதில் திறமை, எதில் தடை, வகுப்பில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று நான்கு பகுதியாக எழுதி ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் கொடுக்க வேண்டும். 'எல்லார் முன்னாலும் உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டாம். கரும்பலகையில் உள்ளதை முழுவதும் எழுதச் சொல்லாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துத் தரவும். சமூக அறிவியலில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். எழுதத் திணறினால் வாய்மொழியாகக் கேட்கவும்.' இந்த அளவுக்குத் திட்டவட்டமாக இருந்தால்தான் செய்வார்கள். அந்தத் தாளை ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டுவதோ, வகுப்பில் பிள்ளையின் குறைபாட்டைப் பேர் சொல்லி அறிவிப்பதோ கூடாது. பெரும்பாலான பிள்ளைகள் உதவி வேண்டாம் என்று மறுப்பதற்குக் காரணம் இந்த அவமானம்தான்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக இலக்கு எழுதும் தனிநபர் கல்வித் திட்டம் என்று கோப்பில் இருக்கும் படிவங்களும் இதே காரணத்தால் வீணாகின்றன. 'வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்' என்பது இலக்கு ஆகாது. 'ஐந்தாம் வகுப்புப் பத்தியில் நிமிடத்துக்கு 40 சொல்லிலிருந்து அரையாண்டுக்குள் 55 சொல்' என்று எழுதினால்தான் டிசம்பரில் யாராவது அளந்து பார்க்க முடியும். ஒரு பருவத்துக்கு மூன்று இலக்கு போதும்.

கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கணக்கில் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பில் கைகழுவிவிடுவது வழக்கமாகியிருக்கிறது. முந்நூற்று நான்கை 3004 என்று எழுதும் பிள்ளைக்கு இடமதிப்பு பதியவில்லை. அதற்குக் கட்டமிட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு இலக்கம் என்று எழுதவைப்பது உடனடி உதவி. கூட்டலில் வரிசை சரிவதும் நிற்கும். வாய்ப்பாடு மனப்பாடம் ஆகாத பிள்ளையின் கையில் வகுப்பு நேரத்தில் 10-க்கு 10 பெருக்கல் கட்டத்தைக் கொடுத்துவிடலாம். பெருக்கலில் தடுக்கி விழுந்து இயற்கணிதத்தைக் கற்காமல் போவதைவிட அது மேல். பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளில் விடை எழுத வேண்டியவை ஒரு மதிப்பெண் கேள்விகள் 14, இரண்டு மதிப்பெண் கேள்விகள் 10, ஐந்து மதிப்பெண் கேள்விகள் 10, எட்டு மதிப்பெண் கேள்விகள் இரண்டு. அந்த இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். 100-ல் 35 தேர்ச்சி மதிப்பெண் என்னும்போது அந்த 16 மிகப் பெரியது. இவை மாறாத படிகளாகச் செய்யக்கூடியவை. உதவிப்படம் வரைவது முதல் கடைசி அளவு வரை ஏழெட்டுப் படிகளை ஓர் அட்டையில் படத்தோடு எழுதி ஒன்பதாம் வகுப்பு விடுமுறையிலிருந்தே பழக்கினால், எண்ணில் தடுமாறுகிற பிள்ளை கூட காம்பஸ் பிடித்து நிதானமாக முடித்துவிடும். ஒரு மதிப்பெண் கேள்விகளில் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுதச் சொல்கிறார்கள். பார்த்து எழுதுவதில் குறைபாடுள்ள பிள்ளை 'இ' என்று சரியாகத் தேர்ந்துவிட்டு விடையைத் தப்பாக எழுதுகிறது. இதைத் தனியாகப் பழக்க வேண்டும்.

இனி சான்றிதழ். மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் எட்டு வயதுக்கு மேல்தான் தரப்பட்டது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடியும் பரிசோதித்துப் புதிதாகப் பெற வேண்டியிருந்தது. 14 வயது என்பது ஒன்பதாம் வகுப்பு. தொடக்கப் பள்ளியில் வாங்கிய சான்றிதழைப் பத்திரமாக வைத்திருந்த பெற்றோர், பத்தாம் வகுப்பில் சலுகைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அது பழையது என்று தெரிந்துகொள்கிறார்கள். அந்த நேரத்தில் மாவட்ட மருத்துவமனையில் உளவியல் பரிசோதனைக்கு நாள் கிடைக்காது. ஆகவே ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த ஜூன் மாதமே தலைமையாசிரியர் ஒவ்வொரு சான்றிதழின் தேதியையும் பார்த்துவிட வேண்டும். சான்றிதழில் உள்ள பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவை பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் பதிவேடான எமிஸ் பதிவோடும் ஆதாரோடும் பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். தலைப்பெழுத்து மாறியிருப்பதால் திரும்பி வரும் விண்ணப்பங்கள் உண்டு. குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழ் என்ற ஒரே காரணத்தைக் காட்டிச் சொல்வதை எழுதுபவரை மறுக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது என்பதையும் தலைமையாசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும்.

சொல்வதை எழுதுபவர் கிடைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அங்கேதான் மதிப்பெண்கள் நழுவுகின்றன. தேர்வு நாள் காலையில், அறை வாசலில், முன்பின் தெரியாத ஓர் ஆசிரியரைப் பிள்ளை முதன்முதலாகப் பார்க்கிறது. கேள்வியைத் திரும்ப வாசியுங்கள் என்று கேட்கக் கூச்சம். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று சொல்லைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. எழுதுபவரும் அந்த மூன்று சொல்லை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார். அவர் விதிப்படிதான் நடக்கிறார். வாய்விட்டு விடை சொல்வது தனித் திறமை. நான்கு பழக்கங்களை ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்விலிருந்தே ஏற்படுத்த வேண்டும். விடை சொல்லும் முன் எத்தனை கருத்து சொல்லப் போகிறோம் என்று விரலில் எண்ணிக்கொள்வது. முழு வாக்கியமாகச் சொல்வது. ஒவ்வொரு பெரிய விடை முடிந்ததும் 'எழுதியதை வாசித்துக் காட்டுங்கள்' என்று கேட்பது. படம், மேப் வரும்போது எந்த இடத்தில் எதைக் குறிக்க வேண்டும் என்று தானே தொட்டுக் காட்டுவது. பள்ளித் தேர்வுகளில் இதற்குத் தனி அறை வேண்டும். மற்றவர்கள் நடுவில் விடையை உரக்கச் சொல்ல முடியாது. அறை இல்லையென்றால் ஆய்வகமோ நூலகமோ போதும்.

கூடுதல் நேரத்துக்கும் பழக்கம் தேவை. மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் வழிகாட்டுதல் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் என்றது. இரண்டரை மணி நேரப் பள்ளித் தேர்வுக்கு 50 நிமிடம் தர வேண்டும். பெரும்பாலான பள்ளிகள் உள்தேர்வுகளில் இதைத் தருவதே இல்லை. அதனால் பொதுத்தேர்வில் 1.15-க்கு எல்லாரும் எழுந்து போகும்போது இந்தப் பிள்ளையும் எழுந்துவிடுகிறது. 2.15 வரை உட்காரலாம் என்பது தாளில் இருக்கிறது. ஆனால் வயிற்றில் பசி, வெளியே காத்திருக்கும் நண்பர்கள், ஊருக்குப் போகும் பஸ் ஒன்றரை மணிக்கு. காலையில் நன்றாகச் சாப்பிட்டு வரச் சொல்வது, தண்ணீர் பாட்டில், 1.15-க்கு ஒருமுறை கழிவறைக்குப் போய் வர அனுமதி, திரும்ப அழைத்துச் செல்ல ஆள் ஏற்பாடு என்று பெற்றோரோடு முன்கூட்டியே பேசி வைத்தால்தான் அந்த ஒரு மணி நேரம் உண்மையில் கிடைக்கும். அறைக் கண்காணிப்பாளர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும். எழுத்துக் குறைபாடுள்ள மாணவிக்குக் கூடுதல் நேரம் தராமல் விடைத்தாளை வாங்கிக்கொண்ட அவ்னி பிரகாஷ் வழக்கில், தேர்வு மையத்தில் இருப்பவர்களுக்குப் பயிற்சி தருவது தேர்வு நடத்துபவரின் பொறுப்பு என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உணர்த்தியிருக்கிறது.

மொழிப்பாட விலக்கு பற்றி ஒன்று. விலக்கு வாங்கிய பிள்ளையை அந்தப் பாடவேளையில் வராந்தாவில் உட்கார வைப்பதும், டீ வாங்கவும் நோட்டு அடுக்கவும் அனுப்புவதும் நிற்க வேண்டும். விலக்கு தேர்வுக்குத்தான், படிப்புக்கு அன்று. மேலே சொன்ன இருபது நிமிடப் பயிற்சிக்கு ஏற்ற நேரமே அந்தப் பாடவேளைதான். தமிழா, ஆங்கிலமா என்பதையும் பள்ளியே முடிவு செய்யாமல், எதில் தடை அதிகம், அடுத்து எங்கே படிக்கப் போகிறது என்று பெற்றோரையும் பிள்ளையையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகள் சிலருக்குப் பத்தாம் வகுப்பின் ஐந்து பாடங்களை ஒரே மூச்சில் எழுதுவது இயலாது. அவர்களுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி நல்ல வழி. 14 வயது நிறைந்தவர்கள் அங்கே பத்தாம் வகுப்பு நிலையான செகண்டரியில் சேரலாம். ஓவியம், மனையியல் போன்ற பாடங்களையும் தேர்ந்துகொள்ளலாம். ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள் உண்டு, தேறிய பாடம் கணக்கில் நிற்கும். ஆனால் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைக் காப்பாற்றுவதற்காக எந்தப் பிள்ளையையும் அங்கே தள்ளிவிடக் கூடாது. பெற்றோர் கேட்டால் மட்டுமே இந்த வழியைச் சொல்ல வேண்டும் என்றுகூட விதி வைக்கலாம்.

இவ்வளவையும் செய்ய ஆள் வேண்டும். இப்போது வட்டார வள மையத்திலிருந்து ஒரு சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குச் சுற்றி வருகிறார். வாரத்தில் நான்கு நாள் பயிற்சி என்பது அவரால் எப்படி முடியும்? தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், நடுநிலை, உயர்நிலையில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த விகிதப்படி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பணியிடங்களைக் கணக்கிட்டு, தொகுப்பூதியத்தில் இல்லாமல் நிரந்தரமாக நிரப்ப வேண்டும்.

பணியிடங்கள் வரும்வரை பள்ளிக்கல்வித் துறை செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. ஜூன் மாதத்தில் எட்டாம் வகுப்பு முழுவதற்கும் கண், காது பரிசோதனை, ஜூலையில் வாசிப்புச் சோதனை, செப்டம்பருக்குள் மருத்துவக் குழு முகாம் என்று நாள் குறித்து ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். பொதுத்தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பத்தை ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள்ளேயே வாங்கி அனுமதி ஆணையைத் தரலாம். சொல்வதை எழுதுபவராக நியமிக்கப்படும் ஆசிரியர் யார் என்பதை இரண்டாம் திருப்புதல் தேர்வுக்கு முன்பே தெரிவித்தால், அந்தத் தேர்வில் ஒரு பாடத்தையாவது பிள்ளை அவரோடு எழுதிப் பார்த்துவிடும்.

இப்படிக்கு,
உயர்நிலைப் பள்ளிகளில் பணியாற்றும் சிறப்பாசிரியர்கள் சிலர்,
விழுப்புரம் மாவட்டம்.